கடைசி வாங்கிலிருந்து

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பது நம்மிற் பலருக்குத் தெரிந்த செய்தி. பரிசளிப்பு விழா மேடைகளிலே பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளையின் பெயர் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சிலேற்றியவர் என்ற வகையில் நிலைத்துவிட்டது. விசுவநாதபிள்ளையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. இன்றைய பேச்சுக்கு எனக்கு வேண்டியவரோ அவர்தான்.

விசுவநாதபிள்ளை பிறந்தது 1820இல், தாமோதரம்பிள்ளை 1832இல். விசுவநாதபிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்பித்தவர்; தமிழிலே வீசகணித நூல் எழுதி வெளியிட்டவர். தாமோதரம்பிள்ளை அதே செமினரியிலே படித்துத் தேறியவர். ஆக, பாடநூல் எழுதிய ஓர் ஆசிரியர், நாற்பது வயதை நெருங்குகின்ற காலத்திலே, தம்முடைய செமினரியிற் படித்துப்போன ஓர் இளைஞரோடு ஒரே பட்டப் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறார். நம்மவரின் பல்கலைக்கழக வரலாறே பாதி இளைஞனோடும் பாதி நடுவயதுக்காரரோடும் தொடங்கியிருக்கிறது. தாமோதரம்பிள்ளையும் அத்தோடு நின்றுவிடவில்லை. சென்னையிலே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே படித்து, 1871இல், முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயதிலே, சட்டப் பரீட்சையிலும் தேறினார். பழைய ஏடுகளை அச்சிடும் பெரும் பணியெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தவை.

நான் ஓர் இந்துக் கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவள். நாற்பதைத் தாண்டி ஐந்து வருடமாகிறது. இப்போது சனி ஞாயிறு நாட்களிலே முதுகலைமாணி வகுப்புக்குப் போய் வருகிறேன். ‘இந்த வயதிலே உமக்கேன் இது?’ என்று ஆசிரியர் ஓய்வறையிலே யாராவது கேட்டால், விசுவநாதபிள்ளையின் கதையைச் சொல்வது என் வழக்கம். கேட்டவர் பெரும்பாலும் தேநீரோடு மறுபக்கம் திரும்பிவிடுவார்.

வயது வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வாசல் எப்போது திறந்தது என்று பார்த்தால், இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் செய்த ஒரு காரியத்திலே போய் நிற்கிறோம். விரிவுரைக்கு வராமலே, எங்கே இருந்து படித்தாலும், பரீட்சைக்குத் தோற்றலாம் என்று அது விதி செய்தது. நம் நாட்டிலே 1921இல் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. அந்த வழியாக வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். காரைதீவு மயில்வாகனனார், பிற்காலத்திலே விபுலாநந்த அடிகள். பாடசாலைகளிலே விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். 1943இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானபோது அவர் கையிலிருந்த பல்கலைக்கழகப் பட்டம் விஞ்ஞானத்துக்குரியது. தமிழுக்கு இருந்தது பண்டிதப் பட்டம். இன்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து அவர் விண்ணப்பித்திருந்தால் நேர்முகத்துக்கு அழைத்திருப்பார்களோ என்னவோ!

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அமைக்கப்பட்டு 1971இலே கற்பிக்கத் தொடங்கியது. நம்முடையது 1980இல் நாவலையிலே வந்தது. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக நான் வரவில்லை. வெளிவாரி என்ற அந்தச் சொல்லிலே மட்டும் ஒரு கணம் நிற்கவேண்டும்.

நான் வலிகாமத்துப் பிள்ளை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சி, பின்பு வவுனியா, பின்பு கொட்டாஞ்சேனையிலே ஓர் அறை. அந்த ஓர் அறையிலே ஐந்து பேர். உயர்தரம் எடுத்தேன், வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். நம் நாட்டிலே உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு உள்வாரிக் கதவு சாத்தப்பட்டுவிடும். மறுபடி தட்டுவதற்கு வழியில்லை. எனக்கு மூன்று தடவை பொறுத்திருக்க வீட்டு நிலை இடந்தரவில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியையானேன். முப்பது வயதுக்கு மேலேதான் வெளிவாரியாகக் கலைமாணி. அதன்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. சம்பளப் பதிவேட்டிலே இன்று நான் பயிற்றப்பட்ட பட்டதாரி.

வெளிவாரிப் படிப்பென்றால் என்ன என்பதைக் கொழும்பிலே ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை. காலி வீதியிலே ஃபோட்டோ கொப்பிக் கடை இருக்கிறதே, அதுதான் எங்கள் விரிவுரை மண்டபம். யாரோ ஒருவர் எப்போதோ எழுதிய குறிப்பு. அதன் பிரதியின் பிரதி. எழுத்து மங்கி, அது ‘ண’வா ‘ன’வா என்று தெரியாது. தமிழ்ப் பாடத்துக்கே அந்த நிலை! ஆனாலும் அதைப் படித்துத்தான் தேறினோம். அந்தப் பட்டம் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் மூன்று வருடங்களிலும் ஒரு வரியைப் பற்றி இன்னொருவரோடு வாதாடும் வாய்ப்பு ஒரு நாளும் கிடைக்கவில்லை. ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்க எதிரிலே ஆள் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு உரையாடல், வெளியே நிற்பவனுக்கு வினாத்தாள் என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

ஆசிரியர்கள் திரும்பப் படிக்கப் போவதெல்லாம் தர உயர்வுக்காகத்தானே என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். பிள்ளைகளின் செலவும் வெள்ளவத்தையின் வீட்டு வாடகையும் தெரிந்த எவரும் அதைக் குற்றமென்று சொல்லார். ஆனால் சம்பளத்துக்காகப் போகிறவர் வேறெதற்காகவும் போகவில்லை என்று முடிவு கட்டுவது சரியன்று. பசிக்குச் சாப்பிடுகிறவனுக்கும் நாக்கு இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவருக்கு வருகிறேன். தனிநாயகம் அடிகளார். ஊர்காவற்றுறைப் பக்கத்திலே 1913இல் பிறந்தவர். கொழும்பிலே பொறளையில் உள்ள குருத்துவக் கல்லூரியிலே படித்து, உரோமாபுரிக்குப் போய், 1938இல் குருவாகி, அங்கேயே கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆய்வுப் பொருள், பழைய கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ குருமார். இலத்தீனும் இத்தாலியமும் அவருக்குக் கைவந்த மொழிகள். அப்படிப்பட்டவர் தமிழகத்தின் தென்கோடியிலே, வடக்கன்குளத்துப் பாடசாலையிலே ஆங்கிலம் கற்பிக்க வந்தார். வந்த இடத்திலேதான் தம்முடைய தாய்மொழி இலக்கியம் தமக்கு எட்டாதிருப்பது அவருக்கு உறைத்தது. அங்கே ஒரு பண்டிதரிடம் பாடங் கேட்கத் தொடங்கினார். 1945இல், முப்பத்திரண்டு வயதிலே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவராகச் சேர்ந்தார்.

உரோமாபுரியின் கலாநிதி சிதம்பரத்திலே வகுப்பறையில் இருக்கிறார். இதை நாம் பணிவின் உதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பணிவு இருக்கட்டும், எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அங்கே அவர் செய்த ஆய்வு என்ன? பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை. சங்கப் பாட்டிலே நிலமும் பொழுதும் மனிதரின் உணர்ச்சிக்குப் பின்னணியாக வரும் முறையை அவர் பிறமொழிச் செய்யுள்களோடு வைத்துப் பார்த்தார். அந்த நூல் 1953இல் ஆங்கிலத்திலே வெளிவந்தது. அவரோடு அதே வகுப்பிலிருந்த இருபது வயது மாணவருக்கும் அதே பாட்டுத்தான் பாடம். அதே உரைதான் கையிலே. ஆனால், ‘இது உலகத்திலே வேறெங்கும் உண்டா?’ என்ற கேள்வி, வேறிடங்களைப் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் எழும். பதினெட்டு வயதிலேயே அண்ணாமலைக்குப் போயிருந்தால் அவர் நல்லதொரு தமிழ்ப் பண்டிதராகியிருப்பார்; அந்தக் கேள்வியோடு வந்திருக்கமாட்டார். 1952இலே ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகை, 1964இலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இலே கோலாலம்பூரில் முதல் மாநாடு எல்லாவற்றுக்கும் வித்து அந்த ஒப்பு நோக்கிலே இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித் துறை விரிவுரையாளராயிருந்த காலத்திலே இலண்டனுக்குப் போய் இன்னொரு தடவையும் மாணவராயிருந்து, கல்வியியலிலே இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிந்திப் படிக்க வருகிறவர் விட்டதைப் பிடிக்க வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான், பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். அதனாலேதான் எங்களுக்குச் சுருக்கமான குறிப்புத் தந்து, சலுகையாக நடத்தி, விரைவாக அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். கேட்பதற்கு எனக்கொரு கேள்வி இருக்கிறது. அதற்கு இடம் வேண்டும்.

என் கேள்வியைச் சொல்கிறேன். அகநானூற்றிலே 400 பாடல்கள். அவற்றைத் தொகுத்தவர் ஓர் ஒழுங்கிலே வைத்திருக்கிறார். ஒற்றை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 என முடிபவை முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். இதை இருபது வருடமாகக் கரும்பலகையிலே எழுதி வருகிறேன். பரீட்சைக்கு நல்ல சூத்திரம், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஒற்றை எண்கள் எல்லாம் பாலை என்றால், நானூறிலே சரிபாதி, இருநூறு பாட்டு, பாலை. குறிஞ்சிக்கு எண்பது, மற்றவற்றுக்கு நாற்பது நாற்பது. ஏன் பாதி?

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று இரண்டு புள்ளிக்கு விடை எழுதலாம். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்ற நான்குக்கும் நிலம் கொடுத்தார்; பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை. வேறு நிலங்கள் வெயிலிலே தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இதையும் கற்பித்திருக்கிறேன். வெளிவாரிப் பரீட்சையிலே எழுதியுமிருக்கிறேன். ஆனால் சென்ற வருடம், வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலே ஒரு மாலை நேரம் அந்தப் பாட்டுகளை எண் வரிசையில் படித்துக்கொண்டிருந்தபோதுதான், நிலம் இல்லாத திணைக்கு நூலிலே பாதி இடம் என்பது நெஞ்சிலே தைத்தது. செம்மணியிலே நடந்த இரவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று என்னாலே சொல்ல முடியாது. பதினெட்டு வயதிலே, நடந்து வந்த கால் ஆறாத நேரத்திலே, அதைப் படித்திருந்தால் பிடித்திருப்பேனோ, வெறுத்திருப்பேனோ தெரியாது.

வெள்ளவத்தையைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் அடுக்குமாடியிலே நான்கு வீட்டிலே மூன்றில் பிள்ளைகள் வெளிநாட்டில். தாய்மார் தனியே இருக்கிறார்கள். மாலையிலே கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, கனடாவிலே விடியும் வரை தொலைபேசியைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பாலைப் பாட்டிலே மகள் உடன்போக்கிலே போய்விட, அவள் விளையாடிய இடத்தைப் பார்த்து நிற்கும் தாயையும் செவிலியையும் நான் படிக்கும்போது, மூன்றாம் மாடி அன்ரியின் முகம் வராமல் இருப்பதில்லை.

வகுப்பு எப்படி என்று கேட்பீர்கள். முன் வாங்குகளிலே இளம் பிள்ளைகள். கடைசி வாங்கிலே நாங்கள் மூன்று பேர். அட்டனிலிருந்து வெள்ளி இரவே புறப்பட்டு வரும் ஓர் அதிபர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நான். அதிபர் என்னை ‘டீச்சர்’ என்பார். என் காதுக்குப் பழக்கமான சொல் ‘ரீச்சர்’. அந்த ஓர் எழுத்திலே மலையகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்குமான தூரத்தை எங்கள் விரிவுரையாளர் ஒரு நாள் அரை மணி நேரம் விளக்கினார். அவர் எங்களை விடப் பத்து வயது இளையவர். நாங்கள் அவரைச் ‘சேர்’ என்போம். அவர் எங்களையும் ‘சேர்’, ‘ரீச்சர்’ என்பார். வகுப்பு ஒரு பாடசாலை ஓய்வறை மாதிரி ஒலிக்கும்.

கடைசி வாங்கை நாங்கள் விரும்பி எடுத்தோம். அங்கிருந்து பார்த்தால் வெள்ளைப் பலகை கண்ணாடிக்குத் தெளிவாகத் தெரியும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் சத்தமில்லாமல் வெளியே போகலாம். வீட்டிலே மகள் உயர்தரம் படிக்கிறாள். ஒரே மேசையிலே அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். 2022இலே மணிக்கணக்காக மின்வெட்டு நடந்தபோது ஒரே மெழுகுதிரி. “அம்மா, உங்களுக்கும் ரியூசன் பார்க்கவோ?” என்று அவள் அப்போது கேட்டது இன்றும் எங்கள் வீட்டுப் பகிடி. அவளுக்கு அனுமதி கிடைத்தால் அவளுடைய பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. என்னுடைய வகுப்புக்கு உண்டு. நகைக் கடைப் பக்கம் நான் போகாததற்கு அதுவே போதிய காரணம். சனிக்கிழமைச் சமையல் கணவருடையது. முதல் மாதம் பருப்பு மட்டும். இப்போது மீனும் சமைக்கிறார். கொட்டாஞ்சேனையிலே இருக்கும் என் தாயாருக்கு மட்டும் இது இன்னும் பிடிபடவில்லை. 155ஆம் இலக்க பஸ்ஸிலே அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், “பிள்ளை, சோதினை எப்ப முடியும்?” என்றுதான் முதற் கேள்வி. அவருக்கு நான் 1995இலே எழுதாமல் விட்ட சோதினை இன்னும் முடியவில்லை.

சென்ற மாதம் எனக்கு ஒப்படை வாசிக்கும் முறை. பாலையிலே தாயின் குரல் என்பது தலைப்பு. நற்றாயும் செவிலியும் பேசும் பாட்டுகளை எடுத்து, பாலை வழி நடப்பவரின் துன்பத்தை விட வீட்டிலே நின்றுவிட்டவரின் துன்பத்தை அப்பாட்டுகள் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கின்றன என்று காட்டினேன். கடைசி வாங்கிலே இருவரும் தலையாட்டினார்கள். வங்கிக்காரரின் மகன் மெல்பேணிலே.

முன் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். இருபத்துநான்கு வயதிருக்கும். அவளும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

“அக்கா, நீங்கள் நிண்டவையின்ர பக்கம் நிண்டு வாசிக்கிறியள். போனவள் பேசுற பாட்டு எத்தினை? பொருள் தேடப் போறவன் தன்ர நெஞ்சோட வாதாடுற பாட்டு எத்தினை? இருநூறிலே ஆர் எத்தினை தரம் பேசுகினம் எண்டு எண்ணிப் பார்த்தால் என்ன?”

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். கொட்டாஞ்சேனை அறையிலே படித்த எந்தக் குறிப்பிலும், அந்த மங்கிய பிரதிகளிலும், எனக்கு யாரும் இப்படி மறுத்துச் சொன்னதில்லை. இதற்காகத்தான் இருபத்தைந்து வருடம் பிந்தி வந்திருக்கிறேன் என்று அந்தக் கணம் தோன்றியது. “எண்ணிக்கொண்டு வாறன், தங்கச்சி” என்றேன்.

இப்போது ஒரு கொப்பியிலே கோடு போட்டு எண்ணி வருகிறேன். தலைவன், தலைவி, தோழி, நற்றாய், செவிலி, வழியிலே கண்டவர் என்று ஆறு பத்திகள். பொருள்வயிற் பிரிவுக்கு நீலம், உடன்போக்குக்குச் சிவப்பு. ஒற்றை எண்களிலே நேற்றிரவு வரை 141ஆம் பாட்டு முடிந்திருக்கிறது. நெஞ்சோடு பேசும் தலைவனின் பத்திதான் நான் நினைத்ததை விட வேகமாக நீள்கிறது.